ஏழாம் கிணற்றின் 'பிகோஸ்'

நான் எழுதிய முதல் ஆங்கில ஆய்வுக்கட்டுரையை வாசித்து முடித்த எங்கள் பேராசிரியர், அதன் தலைப்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் இரண்டே வசனம் எழுதித் திருப்பி அனுப்பினார். வசனங்களில் பிழையில்லை. கட்டுரையைத்தான் காணவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு வசனத்தையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செதுக்கியிருந்தேன். எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, முற்றுப்புள்ளி இருந்தது. இதற்கு மேல் ஒரு மனுசன் என்ன செய்வது? ஆட்கள் காணாமல் போகிற காலத்தில் இவருக்குக் கட்டுரையைக் காணவில்லையாம் என்று முணுமுணுத்துக்கொண்டு கன்ரீனில் போய் இருந்து ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. நான் கம்பஸில் தற்காலிக உதவி விரிவுரையாளன். தற்காலிகம் என்ற சொல்லின் அருமை அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். வருட முடிவுக்குள் ஒரு கட்டுரையாவது ஓர் ஆய்விதழில் ஏற்கப்பட்டால் பதவி நிரந்தரமாகும். இல்லாவிட்டால் அச்சுவேலிக்குத் திரும்பிப் போய் ஐயாவோடு சேர்ந்து வெங்காயம் நட வேண்டியதுதான். வெங்காயம் நடுவது ஒன்றும் குறைந்த வேலை இல்லை, நான் படித்ததே அந்தக் காசில்தான். ஆனால் எங்கள் ஐயாவோடு சேர்ந்து நடுவது வேறு விசயம். நான் நட்டதை அவர் பிடுங்கி மறுபடி நடுவார்.

என் ஆய்வு கிணறுகளைப் பற்றியது. எங்கள் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. மேலே உள்ள நல்ல தண்ணீரை மிசின் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்புத்தண்ணீர் மேலே வரும். இதை அளந்து காட்டுவதற்காக அச்சுவேலி தொடங்கி வல்வெட்டித்துறைப் பக்கம் வரையும், மறுபக்கம் மருதனார்மடம் வரையும் தோட்டக் கிணறுகளில் மாதாமாதம் தண்ணீர் எடுத்து உப்புப் பார்த்தேன். ஆய்வுகூடத்தில் போத்தல் தட்டுப்பாடு. ஆனபடியால் வெற்றுச் சாராயப் போத்தல்களைத் தேடிப் பிடித்துக் கழுவி, சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி, அதற்குள் வைக்கோல் வைத்து அடுக்கிக்கொண்டு திரிந்தேன். கம்பஸில் படிப்பிக்கிற பெடியன் பட்டப்பகலில் சாராயப் போத்தலோடு திரிகிறான் என்று ஊரில் கதை பரவ அதிக நாள் எடுக்கவில்லை. தண்ணீர்தான் என்று போத்தலைத் தூக்கிக் காட்டினேன். வெள்ளைச் சாராயம் என்று கதை திருத்தி எழுதப்பட்டது.

பேராசிரியர் என்னை ஆங்கிலம் படிப்பிக்கிற பகுதிக்குப் போகச் சொன்னார். அங்கே ஒரு போதனாசிரியை இருந்தார். என்னிலும் இரண்டு வயது இளமை. இது எனக்கு முதல் அடி. மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம். வீட்டிலே மூன்று தலைமுறையாக ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பின்னாளில் அவரைத்தானே கலியாணம் கட்டினீர்கள் என்று இந்த இடத்தில் ஆராவது கேட்பார்கள். இல்லை. எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை.

மிஸ் என் கட்டுரையின் முதல் பந்தியைச் சத்தமாக வாசித்தார். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்: கிணறு அச்சுவேலியில் உள்ளது. தோட்டத்தில் மிசின் ஓடுகிறது. தண்ணீர் உப்பு. வெங்காயம் சிறியது.

வாசித்துவிட்டுக் கடதாசியை மேசையில் வைத்தார். "இதுக்குள்ளை ஆர் ஆருக்கு என்ன செய்தது?"

"எல்லாம் இருக்குதுதானே மிஸ். கிணறு, மிசின், உப்பு, வெங்காயம்."

"சந்தையிலையும் எல்லாம் இருக்கு. அதுக்காக அது சமையல் ஆகுமோ?"

"வாசிக்கிற ஆளுக்கு விளங்கும். படிச்ச ஆக்கள்தானே வாசிக்கிறது."

"வாசிக்கிற ஆள் ஏன் உங்கடை வேலையைச் செய்யவேணும்? மிசின் ஓடினபடியால் உப்போ, உப்பு எண்டபடியால் மிசின் ஓடுதோ, இல்லாட்டி ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையோ? வசனம் வசனமாய்த் தனித்தனியாய் நிக்குது. ஒண்டோடை ஒண்டு கோவமோ?"

என்னோடு இப்படி ஆரும் கதைத்தது கிடையாது. அவர் தந்த இணைப்புச் சொற்களை எழுதிக்கொண்டு வந்தேன். 'பிகோஸ்', 'தெயர்ஃபோர்', 'ஹவெவர்', 'மோர்ஓவர்', 'ஓல்தோ'. இவ்வளவுதானா விசயம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சனி ஞாயிறு வீட்டில் குந்தியிருந்து, கறிக்குத் தாளிதம் போடுவதுபோல எல்லா வசனத்தின் தலையிலும் ஒவ்வொன்றைத் தூவினேன். திரும்பிப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. பெரிய பெரிய ஆட்களின் கட்டுரை மாதிரியே இருந்தது.

திங்கட்கிழமை மிஸ் அதை வாசித்தபோது முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி யன்னல் பக்கம் போய் நின்று முதுகு குலுங்கச் சிரித்தார்.

"என்ன எழுதியிருக்கிறியள் எண்டு தெரியுமோ?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "தோட்டத்தில் மிசின் ஓடுகிறது. இருந்தபோதிலும் தண்ணீர் உப்பு. ஆகவே கிணறு அச்சுவேலியில் உள்ளது. உப்பெண்டபடியால் கிணறு அச்சுவேலிக்கு வந்ததோ? இடம் மாறி வந்து நிக்குதோ?"

"நீங்கள்தானே மிஸ் போடச் சொன்னனீங்கள்."

"நான் கதவு போடச் சொன்னனான். நீங்கள் சுவருக்கும் கதவு போட்டிருக்கிறியள்."

அன்றைக்கு நான் பஸ் எடுக்காமல் சைக்கிளில் வந்தது நல்லது. கோபத்தில் உழக்கியதில் வழமையிலும் பார்க்க வேளைக்கே வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த கிழமை வகுப்புக்கு நான் ஒரு நாள் வரவில்லை. மறுநாள் மிஸ் காரணம் கேட்டார். நான் சொன்னேன்: "நேற்று வெளிக்கிட்டனான். சந்தியிலை நிண்டனான். திரும்பிப் போனனான்."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "கதைக்கிறதும் இப்பிடித்தானோ நீங்கள்?"

"எப்பிடி?"

"துண்டு துண்டாய். சந்தியிலை ஏன் நிண்டனீங்கள்? ஏன் திரும்பிப் போனனீங்கள்? ஒண்டும் சொல்லேல்லை. ஆமிக்காரனுக்குப் பதில் சொல்லுற மாதிரி இருக்கு."

அப்போதுதான் எனக்கே அது விளங்கியது. அந்த நாட்களில் சந்திக்குச் சந்தி மண்மூட்டை அடுக்கி வைத்த சென்றி இருக்கும். கடல் கடந்து வந்திருந்த அயல்நாட்டு ஆமிக்காரர் நின்று மறிப்பார்கள். அரைகுறைத் தமிழில் கேட்பார்கள். எங்கிருந்து? அச்சுவேலி. எங்கே? கம்பஸ். பையில் என்ன? புத்தகம். இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு 'ஆனபடியால்' சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு 'ஏன்' வரும். அந்த ஏனுக்கு இன்னொரு ஆனபடியால் சொல்ல வேண்டிவரும். அப்படியே இழுபட்டு மத்தியானம் வரை வெயிலில் நிற்க வேண்டியதுதான். இதை எங்களுக்கு ஆரும் சொல்லித் தரவில்லை. எல்லாரும் தானாகவே பழகிக்கொண்டோம். அதற்கு முதல் நின்ற உள்நாட்டு ஆமியின் காலத்திலேயே தொடங்கிய பழக்கம் அது. சில வீடுகளில் புருசன் பெண்சாதி கூட அப்படித்தான் கதைத்துக்கொண்டார்கள்.

நான் மிஸ்ஸுக்கு எங்கள் பெரியப்பா ஒருவரின் கதையைச் சொன்னேன். அவருடைய மகள் பிள்ளைத்தாய்ச்சி. வாய்க்குப் பயற்றம்பணியாரம் கேட்டாளாம். பெரியம்மா ஒரு பெரிய தகரம் நிறையச் சுட்டுப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டார். பயற்றம்பணியாரம் என்றால் உருண்டை உருண்டையாக, கல்லுப்போல இருக்கும். சென்றியில் தகரத்தைத் திறந்து பார்த்தவன் இரண்டடி பின்னுக்குப் போய்விட்டான். பலகாரம் என்று ஒரு சொல் சொல்லி, ஒன்றை எடுத்துக் கடித்துக் காட்டியிருந்தால் விட்டிருப்பான். பெரியப்பாவோ பழைய பள்ளிக்கூட வாத்தியார். மகள் கர்ப்பமாக இருப்பதனால் பலகாரம் கேட்டதையும், பயறு உடம்புக்குக் குளிர்ச்சி என்பதனால் மனைவி அதைத் தெரிவு செய்ததையும், ஆயினும் மருமகன் வீட்டார் அதை விரும்பாததையும் காரண காரியத்தோடு விளக்கினார். அவர்கள் ஒவ்வொரு உருண்டையாக உடைத்துப் பார்த்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. மகளுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு தகரம் மா.

மிஸ் சிரித்தார். ஆனால் இந்த முறை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "நான் எதிர்ப்பக்கம்," என்றார். "நான் சென்றியிலை முழுக்கச் சொல்லுவன். எங்கையிருந்து வாறன், ஏன் வாறன், பிந்தினது எதனாலை, மழை பெய்திருந்தால் என்ன செய்திருப்பன், எல்லாம். அவைக்குக் கேட்டுக் களைச்சுப்போம். போ போ எண்டு விட்டிடுவினம்."

"அது ஆங்கிலம் தெரிஞ்ச பொம்பிளை எண்டபடியால்."

"பாத்தியளோ," என்றார் மிஸ். "இப்ப நீங்கள் சொன்னதுக்குள்ளை ஒரு பிகோஸ் இருக்கு. வாய்க்குள்ளை கிடக்குது. பேனாவுக்குத்தான் வரேல்லை."

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பு வேறு விதமாக நடந்தது. நான் ஒரு வசனம் எழுதுவேன். மிஸ் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குரிய பதில்தான் என் அடுத்த வசனம். ஒரு வசனம் முடிகிற இடத்தில் இருக்கிற பொருளைப் பிடித்துக்கொண்டு அடுத்த வசனம் தொடங்க வேண்டும் என்பார். மிசின் தண்ணீரை இறைக்கிறது. இறைக்கப்பட்ட தண்ணீரின் இடத்துக்குக் கீழேயிருந்து உப்புத்தண்ணீர் ஏறுகிறது. ஏறிய உப்பு வெங்காயத்தின் வேரைத் தொடுகிறது. இப்படிப் பிடித்துப் பிடித்துப் போனால் 'தெயர்ஃபோர்' கூடத் தேவையில்லாத இடங்கள் இருந்தன. இது எனக்குப் பெரிய ஆச்சரியம். இணைப்புச் சொல் என்பது வசனங்கள் ஏற்கெனவே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் வேலை செய்யும், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவற்றை அது சேர்த்து வைக்காது என்பதை நான் மெதுவாகத்தான் விளங்கிக்கொண்டேன்.

'என்றாலும்' என்கிற அந்த 'ஓல்தோ'வில்தான் நாங்கள் கிழமைக்கணக்கில் சண்டை பிடித்தோம். இரண்டு விசயத்தில் எதைக் கீழே வைப்பது, எதை மேலே வைப்பது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. எப்படி வைத்தாலும் இரண்டும் வசனத்துக்குள் இருக்கிறதுதானே என்று வாதாடினேன்.

மிஸ் ஒரு நாள் பொறுமை இழந்தார். "சரி. உங்களைப்பற்றி ஊரிலை ரெண்டு விசயம் கதைக்கினம் எண்டு வைப்பம். நீங்கள் படிச்சவர். நீங்கள் குடிக்கிறவர்."

"நான் குடிக்கிறேல்லை மிஸ்."

"வைப்பம் எண்டுதானே சொன்னனான். இப்ப உங்களுக்குக் கலியாணம் பேசினம். ஒருத்தர் சொல்லுறார், பெடியன் குடிக்கிறவன் எண்டாலும் படிச்சவன். மற்றவர் சொல்லுறார், பெடியன் படிச்சவன் எண்டாலும் குடிக்கிறவன். ரெண்டு பேரும் சொன்னது ஒரே விசயம்தான். எவர் பொருத்த வந்தவர், எவர் குழப்ப வந்தவர்?"

எங்கள் ஊரில் கலியாணம் பேசுகிற இடத்தில் வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் இருந்து வளர்ந்தவனுக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. கடைசியில் வருவதுதான் காதில் நிற்கும். பேச்சை முறிக்க வந்தவர் எப்போதும் நல்லதை முதலில் சொல்லித் தொலைத்துவிடுவார். இவ்வளவு நாளும் இந்த வித்தை எனக்குத் தமிழில் தெரிந்திருந்தது, ஆங்கிலத்தில் மட்டும் மறந்துபோனேன் என்று நினைக்க எரிச்சலாக இருந்தது.

ஒரு மாதம் இப்படிப் போனது. கட்டுரை மெல்லக் கட்டுரையாகிக்கொண்டு வந்தது. பேராசிரியர் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு 'ம்' என்றார். அவரிடமிருந்து ம் வாங்குவது லேசான காரியமில்லை. இறுதி உப்பளவுக்காக எல்லாக் கிணறுகளிலும் ஒரு முறை தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து சேர்த்தால் முடிந்தது.

அப்படிப் போத்தல்களோடு வருகிறபோது மருதனார்மடம் சந்தியில் மறித்தார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். சென்றியில் நின்றவன் ஒரு முறை என்னைப் பார்த்தான், ஒரு முறை போத்தல்களைப் பார்த்தான், உள்ளே போய் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். உயரமான, நரைக்கத் தொடங்கிய ஆள். நல்ல ஆங்கிலம்.

இது என்ன என்றார். தண்ணீர் என்றேன். எங்கிருந்து என்றார். கிணறு என்றேன். பழைய பழக்கப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"சாராயப் போத்தலுக்குள் ஏன் தண்ணீர்?" என்று கேட்டார்.

இதற்கு ஒரு சொல்லில் பதில் கிடையாது. எத்தனை யோசித்தும் கிடையாது. பின்னால் நின்ற பஸ்ஸின் யன்னல்களெல்லாம் தலைகள். நான் வாயைத் திறந்தேன். மிஸ் ஒரு மாதமாகப் போட்டு ஏற்றியதெல்லாம் மடை உடைத்ததுபோல வெளியே வந்தது. ஆய்வுகூடப் போத்தல்கள் கொழும்பிலிருந்து வராதபடியால் வெற்றுப் போத்தல்களைப் பயன்படுத்துவதாகவும், அவற்றில் கொஞ்சம் மணம் எஞ்சியிருந்தாலும் அது உப்பளவைப் பாதிக்காதென்றும், மழைத்தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே மிதப்பதனால் மிதமிஞ்சி இறைக்கிற இடங்களில் கிணறுகள் உப்பாவதாகவும், இது தொடருமானால் இந்தச் செம்மண்ணில் வெங்காயம் விளையாத காலம் வருமென்றும் ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு வசனம் கூடத் தனியாக நிற்கவில்லை. மிஸ் கேட்டிருக்க வேண்டும் என்று அந்தப் பயத்துக்குள்ளும் எனக்கு ஓர் ஆசை.

அதிகாரி முழுவதையும் கேட்டார். "என் ஊரிலும் கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டது," என்றார். நான் பெட்டியை மூடப் போனேன். "பொறு. குடித்துக் காட்டு."

பெரியப்பாவுக்கு உருண்டை, எனக்குப் போத்தல். ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு குடித்தேன். மருதனார்மடத்துத் தண்ணீர் தேன். கிழக்கே போகப் போகக் கரித்தது. கடைசியாக ஏழாம் கிணற்றுப் போத்தலைக் குடித்தபோது என் முகம் போன போக்கைப் பார்த்துச் சென்றியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அதிகாரியும் சிரித்தார். "இது யாருடைய கிணறு?"

"ஒரு விவசாயியுடையது."

"இவ்வளவு உப்பாவதற்கு அவன் என்ன செய்தான்?"

"தெரியாது," என்றேன்.

அவர் போ என்று கையைக் காட்டினார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பஸ் போய்ச் சேர்ந்தேன்.

மிஸ்ஸிடம் இதை நான் நடித்தே காட்டினேன். மிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெத்தப் பெருமைப்பட்டார். ஒரு சோதனைத்தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு இணைப்பையும் திருப்பிச் சொல்ல வைத்துச் சரி சரி என்றார். பிறகு திடீரென்று, "ஏழாம் கிணத்துக்கு மட்டும் ஏன் தெரியாது எண்டு சொன்னனீங்கள்?" என்றார்.

"களைச்சுப் போனன்."

மிஸ் மேசையில் கிடந்த கட்டுரையை எடுத்துப் புரட்டினார். விரலை வைத்து வைத்துக் கொண்டுபோனார். முதலாம் கிணறு, இறைத்தபடியால் உப்பு. இரண்டாம் கிணறு, குறைவாக இறைத்தபடியால் உப்புக் குறைவு. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பிகோஸ் ஒழுங்காக இருந்தது. ஏழாம் கிணற்றில் விரல் நின்றது. அங்கே நான் எழுதியிருந்தது இதுதான்: ஏழாம் கிணற்றில் மிசின் மிக நீண்ட நேரம் ஓடுகிறது. ஏழாம் கிணற்றுத் தண்ணீர் மிக உப்பானது.

"இந்த ரெண்டுக்கும் நடுவிலை என்ன நடந்தது?"

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரிப் போட்டால் அலுப்பாய் இருக்கும் எண்டு..."

"ஆரின்ரை கிணறு இது?"

நான் வெளியே பார்த்தேன். வெளியே பார்க்கிறதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை, ஒரு வேப்பமரத்தைத் தவிர.

"எங்கடை," என்றேன்.

மிஸ் கட்டுரையை மெல்ல மூடி மேசையில் வைத்தார். பிறகு, "பயமெண்டால் ஏழாம் கிணத்தை முழுக்க எடுத்துவிடுங்கோ," என்றார். "அது உங்கடை உரிமை. ஆனால் பாதி சொல்லி வையாதேங்கோ."

அதை எடுத்துவிட முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஏழாம் கிணறுதான் கட்டுரையின் உயிர். மிக அதிகமாக இறைத்தது அங்கேதான், மிக வேகமாக உப்பேறியதும் அங்கேதான். அது இல்லையென்றால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லையென்றால் பதவி இல்லை. அதை எழுதினாலோ, கிணறுகளுக்கு இலக்கம் போட்டிருந்தாலும் எங்கள் ஊரில் எது ஏழு என்று தெரியாத ஆள் கிடையாது. நான் போத்தலைத் தொங்கவிட்டுத் தண்ணீர் அள்ளியதை எல்லாரும்தான் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகளும் கரிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. சொந்த மகனே தகப்பனுக்கு எதிராக எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று நாளைக்குக் கதை நடக்கும். ஐயா சந்தைக்குப் போய்த் தலை நிமிர்ந்து நிற்க வேண்டிய மனுசன்.

சென்றியைச் சாட்டாகச் சொல்லிக்கொண்டு நான் இவ்வளவு நாளும் மறைத்தது இதைத்தான் போல. எனக்கு மிஸ்ஸிலும் கோபம், பேராசிரியரிலும் கோபம், அந்த அதிகாரியிலும் கோபம். அவர்கள் மூவரும் கேட்டது ஏன் என்ற ஒரே கேள்வி.

கட்டுரை ஏற்கப்பட்டது, பதவி நிரந்தரமானது என்பதை இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. ஏழாம் கிணற்றுக்கும் பிகோஸ் போட்டுத்தான் அனுப்பினேன். ஆனால் அனுப்ப முதல் ஐயாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் வேறு வாயால் கேட்கக்கூடாது.

ஒரு காலை, ஐயா தோட்டத்தில் வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டு நின்றார். மிசின் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலால் வருகிற தண்ணீரை ஒரு பாத்தி நிரம்ப மற்றப் பாத்திக்கு மாறிக்கொண்டு, மண்வெட்டியும் கையுமாக நின்றார். வெங்காயத்தாளின் நுனியெல்லாம் கருகியிருந்தது. நான் வரம்பில் நின்று கட்டுரையைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். மிசின் சத்தத்துக்கு மேலால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஆய்வுக்கட்டுரையைக் கத்தி வாசித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏழாம் கிணறு வந்தது. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, எங்கடை கிணறு உப்பானது நாங்கள் கூட இறைச்சபடியால் எண்டு எழுதியிருக்கிறன் ஐயா, என்றேன்.

ஐயா நிமிரவில்லை. ஒரு பாத்தியை அடைத்து மற்றதை வெட்டிவிட்டார்.

"உன்ரை மாமன்ரை எத்தினையாம் கிணறு?"

அம்மாவின் தம்பியின் தோட்டம் எங்களுக்கு அடுத்தது. "எட்டாவது," என்றேன்.

"அது எவ்வளவு உப்பாம்?"

"எங்கடையிலும் பாக்கக் கொஞ்சம் குறைவு."

"குறைவோ?" ஐயா இப்போது நிமிர்ந்தார். "பொய். உன்ரை போத்தல் பிழை. அவன் விடிய வெள்ளாப்பிலை மிசின் போடுறவன். அந்தச் சத்தம் கேட்டபிறகு நான் பாயிலை படுத்துக் கிடக்கிறதோ? ஆனபடியால் அவனுக்கு முதல் நான் போட்டன். அதுக்கு முதல் அவன் போட்டான். இதையெல்லாம் எழுதினனியோ?"

"இல்லை ஐயா."

"பிறகென்ன ஆராய்ச்சி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாக நெஞ்சைப் போட்டுக் கசக்கிய விசயம் கடைசியில் மாமனிலும் பார்க்கத் தன் கிணறு உப்பா இல்லையா என்ற வழக்காக முடிந்ததே என்று பெரிய ஆறுதல். அந்த ஆறுதலில்தான் வாய் தவறியது. பிறந்த நாள் தொடக்கம் ஐயாவிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"உப்பேறுது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே ஐயா. தெரிஞ்சுகொண்டும் ஏன் இப்பிடி இறைச்சனீங்கள்?"

ஐயா மண்வெட்டியை வரம்பில் சாய்த்தார். மிசின் பக்கம் நடந்துபோனார். அதை நிற்பாட்டினார். திடீரென்று வந்த அமைதியில் வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது. கத்தத் தேவையில்லாததால் மெதுவாகத்தான் சொன்னார்.

"நீ படிச்சாய். நான் இறைச்சன்."

சொல்லிவிட்டுச் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க வீட்டுப் பக்கம் போனார். இரண்டு வசனத்துக்கும் நடுவில் அவர் ஒரு சொல்லும் வைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வாய்க்காலில் மிஞ்சிக் கிடந்த தண்ணீரைக் கடைசிப் பாத்திக்கு மாறினேன்.